பெயர் இல்லாத வெள்ளிச் சிலுவை

2016 நவம்பரில் லண்டனின் பொனாம்ஸ் ஏல நிறுவனம் ஒரு மனிதரின் பதக்கங்களையும் பறப்புப் பதிவேடுகளான லாக் புக்குகளையும் ஏலம் விட்டது. 1,65,500 பவுண்டுக்குப் போயின. அவற்றின் சொந்தக்காரர் அந்த ஆண்டு பிப்ரவரியில்தான் காலமாகியிருந்தார். கேப்டன் எரிக் பிரவுன், பிரிட்டிஷ் கடற்படை விமானி. ஆள் குள்ளம் என்பதால் கூட இருந்தவர்கள் ‘விங்க்கிள்’ என்று ஒரு குட்டிக் கடல் நத்தையின் பெயரை வைத்துவிட்டார்கள். கடைசிவரை அதுவே நிலைத்தது. 487 வகை விமானங்களை ஓட்டியவர். விமானந்தாங்கிக் கப்பல்களின் தளத்தில் 2,407 முறை இறங்கியவர். இரண்டுமே உலக சாதனைகள்.

பணம் கொடுத்தவர் எதற்குக் கொடுத்தார்? வெள்ளிக்கு இல்லை. அந்தப் பதக்க வரிசையில் இருந்த வெள்ளி முழுவதையும் உருக்கினாலும் பெரிதாக ஒன்றும் தேறாது. அந்த உலோகம் இன்னாருடையது என்று அடித்துச் சொல்லும் காகிதங்களும் சேர்ந்து வந்தன பாருங்கள், அவற்றுக்குத்தான் விலை. போர்க்காலக் கடற்படை விமானிகளின் பொருள்களைச் சேகரிக்க இறங்குகிறவர்கள் பெரும்பாலும் பதக்கத்தில் தொடங்குகிறார்கள். காகிதத்தில் தொடங்கவேண்டும் என்பது என் கட்சி. ஏன் என்று சொல்கிறேன்.

பிரவுன் எதிரியோடு நேருக்கு நேர் மோதிச் சம்பாதித்தது டிஸ்டிங்விஷ்ட் சர்வீஸ் கிராஸ், சுருக்கமாக டி.எஸ்.சி. அந்நாளில் கடற்படை அதிகாரிகளுக்கான வீர விருது. அலங்காரமே இல்லாத வெள்ளிச் சிலுவை. நான்கு கைகளின் நுனியும் வளைந்திருக்கும். நடுவில் ஒரு வட்டம், அதற்குள் கிரீடமும் மன்னரின் பெயரெழுத்துகளும். கருநீலம், வெள்ளை, கருநீலம் என்று மூன்று பட்டை ரிப்பன். திருப்பிப் பார்த்தால் வெள்ளிக்கான முத்திரைகள் தெரியும். 1940-க்குப் பிறகு வழங்கியதாக இருந்தால் கீழ்க் கையில் ஆண்டும் பொறித்திருக்கும். அவ்வளவுதான். போர்க்காலச் சிலுவைகளில் பெற்றவர் பெயர் கிடையாது.

விக்டோரியா கிராஸ் அப்படி இல்லை. அதைத் தொங்கவிடும் பட்டையின் பின்புறம் வீரரின் பெயரும் பிரிவும் இருக்கும். சிலுவையின் முதுகில் அந்தச் சண்டை நடந்த தேதி இருக்கும். டி.எஸ்.சி.யில் ஆண்டு மட்டும் என்பதால் ‘1942’ என்று பொறித்த சிலுவையை அந்த ஆண்டில் விருது வாங்கிய எந்த அதிகாரியின் தலையிலும் கட்டலாம். போதாததற்கு, இரண்டாம் உலகப் போரில் கலந்துகொண்டதற்காக பிரிட்டன் தன் வீரர்களுக்குக் கொடுத்த ‘ஸ்டார்’ பதக்கங்களிலும் பெயர் பொறிக்கவில்லை. லட்சக்கணக்கில் அடித்துக் கொடுக்கவேண்டியிருந்ததால் விட்டுவிட்டார்கள். ஆஸ்திரேலியாவும் தென்னாப்பிரிக்காவும் தங்கள் ஆட்களுக்குப் பெயர் பொறித்தே கொடுத்தன.

மோசடிக்கு இதைவிடத் தோதான இடம் கிடைக்குமா? பெயரில்லாத ஒரு டி.எஸ்.சி.யை வாங்கி, மலிவாகக் கிடைக்கும் நான்கு ஸ்டார்களை அதோடு சேர்த்துத் தைத்து, ‘இன்ன விமானியின் குடும்பத்திலிருந்து வந்தது’ என்று ஒரு கடிதத்தையும் இணைத்துவிட்டால் முடிந்தது வேலை. பத்து மடங்கு விலை கேட்கலாம்.

ஆனால் அவசரக்காரன் ஒரு இடத்தில் மாட்டிக்கொள்வான். ஸ்டார்களுக்கு விதிகள் உண்டு. பர்மா ஸ்டார், பசிபிக் ஸ்டார் இரண்டையும் ஒருவருக்குச் சேர்த்துத் தரமாட்டார்கள். முதலில் தகுதி பெற்றதைப் பதக்கமாகத் தருவார்கள். மற்றதற்காக ரிப்பனில் ஒரு சின்ன உலோகப் பட்டைதான் ஏறும். அட்லாண்டிக் ஸ்டார், ஏர் க்ரூ யூரோப் ஸ்டார், ஃபிரான்ஸ் அண்ட் ஜெர்மனி ஸ்டார் மூன்றுக்கும் அதே கதை. ஒரே வரிசையில் பர்மாவும் பசிபிக்கும் அக்கம்பக்கத்தில் தொங்கினால், அதை யாரோ கடையில் உட்கார்ந்து கோத்திருக்கிறார்கள் என்று அர்த்தம். விற்பவர் எவ்வளவு உருக்கமான குடும்பக் கதை சொன்னாலும் எழுந்து வந்துவிடலாம்.

சரி, பிரவுனின் சிலுவைக்குப் பின்னால் இருப்பது என்ன? ஹெச்.எம்.எஸ். ஆடாசிட்டி என்ற கப்பல். அதன் பூர்வ கதையே சுவாரசியமானது. ‘ஹனோவர்’ என்ற ஜெர்மன் சரக்குக் கப்பலைப் பிரிட்டிஷ்காரர்கள் 1940-இல் கரீபியக் கடலில் பிடித்தார்கள். அதன் மேற்பகுதியை வெட்டியெடுத்துவிட்டு ஒரு தட்டையான தளத்தைப் போட்டு, பிரிட்டனின் முதல் துணை விமானந்தாங்கிக் கப்பலாக மாற்றினார்கள். விமானங்களை உள்ளே இறக்கி வைக்கக் கீழ்த்தளம் கிடையாது. அட்லாண்டிக்கின் உப்புக் காற்றிலும் மழையிலும் அவை மேலேயே நிற்கும், பழுதுபார்ப்பதும் அங்கேயேதான். பிரவுன் இருந்த 802-வது அணி அங்கிருந்துதான் மார்ட்லெட் போர் விமானங்களை ஓட்டியது.

வணிகக் கப்பல் தொடர்களை மோப்பம் பிடித்து வந்தவை நான்கு எஞ்சின் கொண்ட ஃபோக்-வுல்ஃப் காண்டோர் விமானங்கள். பின்னாலிருந்து நெருங்கினால் அவற்றின் துப்பாக்கிகள் சல்லடையாக்கிவிடும். பிரவுன் நேர் எதிரே பறந்துபோய் விமானி அறையைக் குறிவைத்தார். இரண்டு காண்டோர்களை வீழ்த்தினார். 1941 டிசம்பர் 21 அன்று ஆடாசிட்டியை ஜெர்மன் நீர்மூழ்கி யு-751 மூழ்கடித்தது. கடலில் தத்தளித்துப் பிழைத்தவர்களில் பிரவுனும் ஒருவர். அடுத்த மார்ச்சில் டி.எஸ்.சி. அறிவிப்பு வந்தது.

அந்த அறிவிப்பு வந்த ‘லண்டன் கெஸட்’ அரசிதழை இன்று யார் வேண்டுமானாலும் இணையத்தில் காசில்லாமல் பார்க்கலாம். ஆனால் போர்க்கால கெஸட் வாய் திறக்காத சாட்சி. எதிரி விமானங்களை எதிர்த்ததிலும் கப்பல் தொடரைக் காத்ததிலும் காட்டிய துணிவுக்காக என்று ஒற்றை வரியில் முடித்துவிடும். கப்பல் பெயர் இராது, தேதி இராது, எத்தனை விமானம் விழுந்தது என்பதும் இராது. எதிரியும் படிப்பான் அல்லவா? ஆகவே கெஸட்டைக் கண்டுபிடித்தவுடன் ஆராய்ச்சி முடிந்தது என்று நினைப்பவர் பாதி வழியில் நின்றவர். அடுத்த படி லண்டன் கியூவில் இருக்கும் தேசிய ஆவணக் காப்பகம். அங்கே அட்மிரால்டி கோப்புகளில் தப்பிப் பிழைத்த பரிந்துரைகள் இருக்கின்றன. மேலதிகாரி தன் வாக்கியங்களில் எழுதிய காரணம் அதில் இருக்கும். அணிகளின் தினப் பதிவேடுகளும் அங்கேதான். வீட்டில் இருந்தபடியே பார்ப்பதென்றால், கடற்படை விமானிகளின் விருதுகளைத் தொகுத்த ‘ஸீடீஸ் லிஸ்ட்’ என்ற பட்டியல் நூலும், ஒவ்வொரு விமானத்தின் எண்ணையும் அதன் கதியையும் தேடித் தொகுத்த ரே ஸ்டர்ட்டிவன்டின் புத்தகங்களும் கைக்கு எட்டும் இடத்தில் இருக்கவேண்டும்.

இவற்றையெல்லாம் கட்டிப்போடும் கயிறு லாக் புக்.

கெட்டி அட்டை போட்ட, சாதாரணக் கணக்கு நோட்டுப் போன்ற புத்தகம். ஒவ்வொரு வரியும் ஒரு பறப்பு. தேதி, விமானத்தின் வகை, அதன் எண், ஓட்டியவர், உடன் சென்றவர், போன காரியம், ஆன நேரம். மாதக் கடைசியில் கூட்டிப் போட்டு அணித் தலைவர் கையெழுத்திடுவார். கடற்படை லாக் புக்கில் மட்டும் காணக்கிடைக்கும் சங்கதிகள் சில உண்டு. கப்பலில் இறங்குவதற்கு முன் தரையிலேயே கப்பல் தளத்தின் அளவுக்குக் கோடு போட்டுக்கொண்டு திரும்பத் திரும்ப இறங்கிப் பழகுவார்கள். அந்தப் பயிற்சிகள் வரிசையாக இருக்கும். அப்புறம் ஒருநாள் முதல் உண்மையான தள இறக்கம். அந்த வரியில் எழுத்தே கொஞ்சம் பெரிதாகிவிடுவதைப் பார்க்கலாம். விமானத்தை இடித்துவிட்டால் ‘ஏ-25’ என்ற விபத்துப் படிவத்தை நிரப்பவேண்டும். அந்தப் படிவத்தைக் கிண்டலடித்து விமானிகள் பாட்டே கட்டிப் பாடியிருக்கிறார்கள் என்றால் எத்தனை ஏ-25 நிரம்பியிருக்கும் என்று ஊகித்துக்கொள்ளுங்கள்.

போலி லாக் புக்கும் உண்டுதான். ஆனால் சிலுவையைப் போலி செய்வதுபோல் சுலபமில்லை. நூற்றுக்கணக்கான வரிகளில் ஒவ்வொன்றிலும் ஒரு விமான எண். அந்த விமானம் அன்றைக்கு அந்த அணியில்தான் இருந்ததா, அதற்கு முந்தின வாரமே கடலில் விழுந்துவிட்டதா என்று நூலைப் பிரித்து ஒத்துப்பார்க்கலாம். உடன் சென்ற, வழி கணிக்கும் அப்சர்வரின் லாக் புக் எங்காவது இருந்தால், அதே தேதியில் அதே பறப்பு அதிலும் இருக்கவேண்டும். ஆயிரம் பொய்யை ஒன்றுக்கொன்று முரண்படாமல் சொல்லும் பொறுமை மோசடிக்காரர்களுக்கு இருப்பதில்லை.

சில சமயம் அந்த எண் நம்மை விமானத்தின் வாசலிலேயே கொண்டுபோய் நிறுத்தும். 1945 டிசம்பர் 3 அன்று பிரவுன் ஒரு ஜெட் விமானத்தை ஹெச்.எம்.எஸ். ஓஷன் கப்பலில் இறக்கினார். உலகிலேயே முதன்முறை. சீ வாம்பயர், எண் எல்.இஸட். 551. அதே விமானம் இன்று இங்கிலாந்தின் சாமர்செட்டில், இயோவில்டன் கடற்படை விமான அருங்காட்சியகத்தில் இருக்கிறது. அதற்கு முந்தின ஆண்டு மார்ச் 25-இல் இரட்டை எஞ்சின் மஸ்கீட்டோவைக் கப்பலில் இறக்கிக் காட்டியவரும் இவரே. போர் முடிந்ததும் கைப்பற்றிய ஜெர்மன் விமானங்களை ஓட்டிப் பார்க்கும் பொறுப்பும் இவரிடம் வந்தது. ஜெர்மன் மொழி சரளமாகத் தெரியும் என்பதால் ஜெர்மன் விமானப்படைத் தலைவர் கோரிங்கையே விசாரித்தார்.

487 என்ற எண்ணுக்கு வருவோம். அது வெறும் வாய்ச்சொல்லாக இருந்திருந்தால் யாரும் நம்பியிருக்கமாட்டார்கள். ஓட்டிய ஒவ்வொன்றையும் எழுதி வைத்திருந்ததால் நின்றது. அதிலும் அவர் வைத்த கணக்கு கறாரானது. ஸ்பிட்ஃபயர், சீஃபயர் விமானங்களில் 14 மாதிரிகளை ஓட்டியிருந்தும் பட்டியலில் அவற்றுக்கு ஒரே இடம்தான். மாதிரிகளைத் தனித்தனியாக எண்ணியிருந்தால் எண்ணிக்கை எங்கோ போயிருக்கும்.

விமான விஷயத்தில் இவ்வளவு துல்லியமாக இருந்தவர் தன் சொந்தக் கதையிலும் அப்படி இருந்தாரா? அங்கேதான் சிக்கல். பால் பீவர் 2023-இல் எழுதிய வாழ்க்கை வரலாறு, பிரவுன் தம் பிறப்பையும் இளமையையும் பற்றிப் பல்லாண்டு சொல்லிவந்த சில விவரங்களைப் பதிவேடுகளோடு வைத்துப் பார்த்து, அவை பொருந்தவில்லை என்கிறது. இதைப் படித்துச் சில ரசிகர்கள் சங்கடப்பட்டிருக்கலாம். எனக்கு அவர்மேல் மதிப்பு குறையவில்லை. ஆனால் சேகரிப்பவர்களுக்கு இதில் ஒரு சூடு இருக்கிறது. விமானியே சொன்னார், அவர் மகனே சொன்னார் என்பதெல்லாம் தேடலைத் தொடங்க உதவும், முடித்துவைக்க உதவாது.

உடுப்புகளைப் பற்றியும் கொஞ்சம் சொல்லவேண்டும், ஏனென்றால் ஏமாறுகிறவர்கள் அதிகம் ஏமாறுவது அங்கேதான். தோல் தொப்பி, கண்ணாடி, ‘மே வெஸ்ட்’ மிதவைச் சட்டை எல்லாவற்றுக்கும் இன்று அச்சு அசலாக நகல் வருகிறது. சினிமாவுக்கும் போர்க் காட்சிகளை நடித்துக் காட்டும் குழுக்களுக்கும் செய்தவை நாலைந்து வருஷம் பரணில் கிடந்தால் ‘அசல்’ ஆகிவிடும். ஆனால் அதிகாரியின் நீலக் கோட்டு பேசும். பிரிட்டிஷ் கடற்படையில் விமானிச் சிறகுச் சின்னம் மார்பில் இருக்காது. இடது கையில், பதவிப் பட்டைக்கு மேலே இருக்கும். பிரவுன் தன் சுயசரிதைக்கு ‘விங்ஸ் ஆன் மை ஸ்லீவ்’ என்று பெயர் வைத்தது அதனால்தான். பட்டையையும் கவனிக்கவேண்டும். நிரந்தரக் கடற்படை அதிகாரிக்கு நேர்க்கோடு. போருக்காகச் சேர்ந்த தன்னார்வப் பிரிவினருக்கு அலை அலையாக நெளியும் பட்டை. விமானப் பிரிவென்றால் அதன் வளையத்துக்குள் ‘ஏ’ என்ற எழுத்து. பிரவுன் 1941-இல் தன்னார்வப் பிரிவில் இருந்தவர். ஆடாசிட்டி காலத்துக் கோட்டு என்று நேர்ப் பட்டை போட்ட ஒன்றை யாராவது நீட்டினால் சிரித்துவிட்டு நகரலாம்.

இத்தனையும் ஒரே வீட்டில் ஒரே பெட்டியில் இருக்கும்வரை பிரச்சினை இல்லை. வீட்டுக்காரர் போனபின் பங்கு பிரிக்கிறார்கள். மூத்தவருக்குப் பதக்கம், இளையவருக்கு லாக் புக், புகைப்பட ஆல்பம் பேத்திக்கு. இல்லையென்றால் வியாபாரி பிரிக்கிறார், தனித்தனியாக விற்றால் கூடுதலாகக் கிடைக்கும் என்று. பிரித்த மறுகணம் அந்தச் சிலுவை பெயரில்லாத வெள்ளியாகிவிடுகிறது. சேகரிப்பாளர்களில் ஒரு சாரார், இப்படிச் சிதறியவற்றை ஏலப் பட்டியல்களில் தேடித் தேடி மறுபடி ஒன்றுசேர்ப்பதையே வேலையாக வைத்திருக்கிறார்கள். இந்தத் துறையில் நான் மிகவும் மதிப்பது அவர்களைத்தான். இப்படி விற்பதைச் சட்டம் தடுக்காதா? அமெரிக்காவில் மெடல் ஆஃப் ஹானரை விற்பதே சட்டப்படி குற்றம். மற்றவை வெளிப்படையாகக் கைமாறுகின்றன. பிரிட்டனில் அந்தத் தடையும் இல்லை.

கையில் காசு குறைவாக இருப்பவர் பைலட்டை விட்டுவிட்டு, அவர் முதுகுக்குப் பின்னால் உட்கார்ந்திருந்தவரைத் தேடலாம். ஸ்வார்ட்ஃபிஷ் என்பது துணி போர்த்திய இரட்டை இறக்கை விமானம், மூன்று ஆள் போகும். முன்னால் பைலட், நடுவில் அப்சர்வர், கடைசியில் வானொலியையும் துப்பாக்கியையும் கவனிக்கும் டெலகிராஃபிஸ்ட் ஏர் கன்னர். 1942 பிப்ரவரி 12 அன்று ஷார்ன்ஹார்ஸ்ட், க்னைசனாவ் உள்ளிட்ட ஜெர்மன் போர்க்கப்பல்கள் பட்டப்பகலில் ஆங்கிலக் கால்வாயைக் கடந்தபோது, லெப்டினன்ட் கமாண்டர் யூஜின் எஸ்மாண்ட் ஆறு ஸ்வார்ட்ஃபிஷ்களோடு அவற்றின்மேல் பாய்ந்தார். முந்தின நாள்தான் பக்கிங்ஹாம் அரண்மனையில், ஜெர்மன் போர்க்கப்பல் பிஸ்மார்க்கைத் தாக்கியதற்கான டிஸ்டிங்விஷ்ட் சர்வீஸ் ஆர்டர் (டி.எஸ்.ஓ.) விருதை வாங்கியிருந்தார். ஆறு விமானமும் விழுந்தன. 18 பேரில் 13 பேர் இறந்தார்கள். எஸ்மாண்டுக்கு இறந்தபின் விக்டோரியா கிராஸ். பிழைத்த அதிகாரிகள் நால்வருக்கும் டி.எஸ்.ஓ., பெயர் பொறிக்காதது. பிழைத்த ஐந்தாவது ஆள் டொனால்ட் பன்ஸ், கன்னர். அதிகாரி இல்லை என்பதால் அவருக்குக் கான்ஸ்பிக்யுவஸ் காலன்ட்ரி மெடல். வட்டப் பதக்கம், விளிம்பில் பெயரும் எண்ணும் உண்டு. கீழ்நிலை ஆட்களுக்கான டிஸ்டிங்விஷ்ட் சர்வீஸ் மெடலிலும் அப்படியே. அந்தஸ்தில் உயர்ந்தவரின் விருது அனாமதேயம், கீழே இருந்தவருடையது பெயரோடு! வர்க்கபேதம் தெரியாமல் செய்த உபகாரம் என்று சொல்லத் தோன்றுகிறது.

ஆசியப் போர்முனையில் இருந்த பிரிட்டிஷ் கடற்படை விமானிகளின் லாக் புக்கைப் புரட்டினால் நமக்குப் பழகிய ஊர்களும் வரும். சூலூர், தாம்பரம், திருகோணமலை சீனன்குடா, புத்தளம், கட்டுக்குருந்த. கோயம்புத்தூரில் கடற்படை விமானங்களுக்கான பழுதுபார்ப்பு நிலையம் இருந்தது. அதன் பெயர் ஹெச்.எம்.எஸ். கருடா. தரையில் இருக்கும் முகாமுக்கும் கப்பல் பெயர் வைப்பது அவர்கள் வழக்கம். புத்தளத்தில் சேற்றில் மாட்டிய விமானங்களை யானை கட்டி இழுத்தார்கள். 1945 ஜனவரியில் திருகோணமலையிலிருந்து புறப்பட்ட கப்பல்கள்தான் சுமத்ராவின் பாலெம்பாங் எண்ணெய் ஆலைகளைத் தாக்கின. பின்புறம் ‘1945’ என்று இருக்கும் ஒரு டி.எஸ்.சி.க்கு ஆளைத் தேடுகிறவர் அந்தத் தாக்குதலுக்கான விருதுப் பட்டியலையும் பார்த்தாகவேண்டும்.

இந்தியக் கடற்படை விமானப் பிரிவின் ஐ.என்.எஸ். ஹன்சா தளமும் 1961-இல் சூலூரில்தான் தொடங்கியது. பிறகுதான் கோவா போயிற்று. 1971 டிசம்பரில் ஐ.என்.எஸ். விக்ராந்திலிருந்து சீ ஹாக், அலிஸே விமானங்களில் எழும்பி காக்ஸ் பஜாரையும் சிட்டகாங்கையும் தாக்கியவர்கள் இன்று முதியவர்கள். அவர்கள் வீட்டு பீரோக்களிலும் லாக் புக் இருக்கும். அப்படி ஒன்று உங்கள் உறவில் இருந்தால் சில காரியங்களைச் சொல்லிவைக்கிறேன். லாமினேட் செய்யாதீர்கள். கிழிந்த பக்கத்தை செலோ டேப் போட்டு ஒட்டாதீர்கள். நாலு வருஷத்தில் பசை மஞ்சளாகி எழுத்தைத் தின்றுவிடும். ஒவ்வொரு பக்கத்தையும், வெற்றுப் பக்கம் உட்பட, பகல் வெளிச்சத்தில் படம் எடுங்கள். முக்கியமாகக் கடைசிப் பக்கங்களை விட்டுவிடாதீர்கள். ஓட்டிய வகைகளின் பட்டியல், இருந்த அணிகள், மேலதிகாரி போட்ட ‘சராசரி’, ‘சராசரிக்கு மேல்’ என்ற மதிப்பீடுகள் எல்லாம் அங்கேதான் இருக்கும். இடையில் செருகியிருக்கும் துண்டுச் சீட்டு, ரசீது, மெனு கார்டு எதையும் எடுத்துத் தனியாக வைக்காதீர்கள். எந்தப் பக்கத்தில் இருந்ததோ அங்கேயே இருக்கட்டும். அப்புறம் படத்தோடு அதை எழுதியவர் பக்கத்தில் உட்கார்ந்து, ஒவ்வொரு பறப்பிலும் உடன் வந்தவர் யார் என்று கேட்டு, முழுப் பெயரோடு எழுதிக்கொள்ளுங்கள். லாக் புக்கில் பெரும்பாலும் பட்டப்பெயர்தான் இருக்கும்.